ரீசேட்டும் தொப்பியும் தந்தாங்களா, மகன்?

சுற்றாடல் பாதுகாப்புச் சேவையில சேரப் போறியாம் எண்டு உன்ட உம்மா வந்து சொல்லிட்டுப் போறா. அவட முகத்தப் பாத்திருக்கணும் நீ. கட்டாருக்குப் போறன் எண்டிருந்தா அக்கம்பக்கமெல்லாம் இனிப்புக் குடுத்திருப்பா. வாவிச் சேத்துல இறங்கப் போறன் எண்டதும், “நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்ன தொழிலெண்டு சொல்ற?” எண்டு என்னட்டக் கேக்கிறா. அவட கவல அவவுக்கு. உயர்தரம் எழுதிட்டு, கம்பஸ் கதவு திறக்கிற மட்டும் சும்மா குந்தியிருக்கிற காலம் இது. அந்தக் காலத்த ஃபோனத் தேய்ச்சே முடிக்கிற பொடியனுகள் நிறைஞ்ச காத்தான்குடியில, காலச் சேத்துல வைக்கப் போறவன நான் தடுப்பனா? போ மகன். மூத்தாப்பா சொல்றத மட்டும் கேட்டுட்டுப் போ.

முதல் நாள் சோக்கா இருக்கும். ரீசேட் தருவாங்க, தொப்பி தருவாங்க, மத்தியானத்துக்குச் சோத்துப் பார்சல் வரும். பெரிய மனிசர் ஒருத்தர் வாகனத்தால இறங்குவார். அவர்ட சப்பாத்துல சேறு படாம இருக்கப் பலக போட்டு வைப்பாங்க. அவர் ஒரு கண்டல் கண்ட நடுவார். அந்த ஒத்தக் கண்டச் சுத்தி ஒரு பட்டாளமே கை வச்சுக்கொண்டு நிக்கும். வாவிக்கு மண் போட்டு வேலிய அங்கால தள்ளினவரும் அந்தப் படத்துல நிப்பார், பல்லெல்லாம் தெரிய. படம் எடுத்து முடிஞ்சா வாகனம் கிறுகிப் போயிரும். மறுகா அந்தக் கண்டுக்குத் துணையா ஆரு நிக்கிறெண்டு கேக்கிறியா? மாடு நிக்கும்.

கிழவன்ட பொறாமக் கத எண்டு நினைச்சிராத. சுனாமிக்குப் பொறகு இந்த நாட்டுல கண்டல் நடாத ஆளில்ல. நட்டதெல்லாம் என்னாச்செண்டு றுகுணுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பெல்ஜியத்து ஆய்வாளர்களும் ஊரூராப் போய்ப் பாத்து, 2017-ல எழுதி வெளியிட்டாங்க. பாத்த 23 இடத்துல 9 இடத்துல ஒரு கண்டும் உசிரோட இல்ல. பாதிக்கு மேல பிழைச்ச இடம் 3 மட்டும்தான். 1000 ஹெக்டயருக்கு மேல வேல செஞ்சு, தேறினது 200 சொச்சம். உன்ட கணக்கு வாத்தியார் இந்த மார்க்குக்கு உன்ன வகுப்பேத்துவாரா?

ஏன் செத்ததெண்டும் எழுதியிருக்காங்க. கண்டல் விதை மரத்துலயே முளைச்சு முருங்கக்காய் மாதிரித் தொங்கும். பொறுக்கிறது லேசு, குத்துறது லேசு. அதால கண்ட இடமெல்லாம் அதையே குத்தினாங்க. தண்ணி எம்பிட்டு நிக்கும், உப்பு எவ்வளவு ஏறும், அந்த இடத்துல முந்தி என்ன மரம் நிண்டது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. கண்டல், கண்ணா, தில்லை, கிண்ணை எண்டு கண்டல் காட்டுல நிக்கிற மரம் எல்லாத்துக்கும் தனித்தனி இடமிருக்கு. கிண்ணையடி எண்டு வாழைச்சேனப் பக்கம் ஒரு ஊருக்கே பேர் வச்சிருக்காங்க. நம்மட பழைய ஆக்கள் மரத்தப் பாத்து ஊர் வச்சவங்க. இப்ப பெனரப் பாத்து மரம் வைக்கிறாங்க.

நம்மட வாவிட குணமும் வேற. மாரி மழைக்குத் தண்ணி ஏறும். முகத்துவாரம் வெட்டினா மளமளவெண்டு இறங்கும். தண்ணி வத்தின நாளையில போய் நட்டா, மாரியில கண்டு தாண்டு போகும். தண்ணி போற வழிய அடைக்காம விட்டாலே சில இடத்துல விதை தானா மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். அங்க உன்ட வேல நடுறதில்ல; மாட்டத் துரத்துறதும், குப்ப கொட்ட வாறவன்ட முகத்தப் பாத்து “மாமா, எங்க போறீங்க?” எண்டு மரியாதையாக் கேக்கிறதும்தான். அதுக்கு ஆரும் படம் எடுக்க மாட்டாங்க. இன்னொண்டு, தில்லையில கை வச்சிட்டுக் கண்ணக் கசக்கிராத. அதுட பால் பட்டா செல்ஃபியில உன்ட கண்ணே தெரியாது.

நடுறது மட்டுமில்ல, அழிக்கிறதும் ஒரு நாள் வேலயில்ல. தண்ணியில மிதக்கிற ஆத்துவாழட கதை தெரியுமா? அழகான பூவெண்டு வெள்ளக்காரன்ட காலத்துல கொண்டுவந்து விட்டாங்க. கொஞ்ச வருசத்துல குளமெல்லாம் மூடிற்று. 1909-ல அதுக்கெண்டே சட்டம் போட்டாங்க. நூறு வருசத்துக்கு மேலாச்சு, பூ இன்னும் அந்தச் சட்டத்த வாசிக்கல்ல. சிரமதானத்துக்கு வந்து ஒரு நாள் அள்ளிட்டு, கரையில குவிச்சுப் படமெடுத்துட்டுப் போவாங்க. அது அடுத்த மழைக்குத் திரும்பி வந்திரும். பூவுக்கு இருக்கிற விடாப்பிடி நமக்கு இல்ல, மகன்.

நீ இப்ப ஹதீஸ் சொல்லுவாய், தெரியும். ஒருத்தன் நட்ட மரத்துல பறவையோ மனிசனோ தின்டா அது அவனுக்குச் சதக்கா எண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஓதியிருக்காய். பறவ திங்கிறதெண்டா மரம் உசிரோட நிக்கணுமே! காஞ்ச குச்சியில எந்தக் காகம் வந்து என்னத்தத் திங்கும்? நம்மட பெரிய வீதிப் பேரீச்சையப் பாரு. காத்தான்குடியில பேரீச்ச காய்க்குமா எண்டு சிரிச்ச வாய்க்கெல்லாம் நகர சபை பழம் அறுவட செஞ்சு காட்டிற்று. நட்டதோட விட்டிருந்தா வீதியில நிழல் விழுந்திருக்குமே தவிர, பழம் விழுந்திராது.

ஆக, சேர்றதெண்டா எப்படிச் சேரணும்? 1933-ல அமெரிக்காவுல வேலயில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல போன நேரம், ஜனாதிபதி றூஸ்வெல்ட் பொடியனுகளச் சேர்த்துக் காட்டு வேலைக்கு அனுப்பினார். ஒம்பது வருசத்துல 30 இலட்சம் பேர் மாதிரி அதுல இருந்தாங்க. முந்நூறு கோடி மரம் நட்டாங்க எண்டு கணக்கு. ஒரு நாள் கூத்தில்ல அது. ஆறு மாசத்துக்குக் குறையாம முகாமில தங்கணும். மாசச் சம்பளம் 30 டொலர். அதுல 25 டொலர் நேரா உம்மா வாப்பாக்குப் போகும். நம்மட பெரிய மனிசர்ட காதுலயும் இதப் போட்டு வை. பொடியன்ட முதுகு வேணுமெண்டா அவன்ட வயித்தையும் பாக்கணும். சோத்துப் பார்சலுக்கு ஒரு மத்தியானம்தான் ஆள் வரும். ஒரு வருசம் வராது.

அமெரிக்காவ விடு, நம்மட நாட்டுலயும் நல்லது நடந்திருக்கு. 2024-ல ஐக்கிய நாடுகள் சபையும் இலங்கைட கண்டல் மீட்பு வேலையப் பாராட்டி, உலகத்துக்கு முன்மாதிரி எண்டிச்சு. ஏன்? தோத்த கணக்க மறைக்காம எடுத்து வச்சுப் படிச்சதும் ஒரு காரணமெண்டு நான் நினைக்கிறன். அந்தப் படிப்பு உனக்கும் வேணும்.

அதால இன்ரவியூக்குப் போனா, அவங்க உன்னக் கேக்க முந்தி நீ அவங்களக் கேளு: “சேர், போன வருசம் நட்டது எத்தன, நிக்கிறது எத்தன? அதப் பாக்க ஆரு போறாங்க? அந்தாளுக்கு மாசம் என்ன குடுக்கிறீங்க?” நேராப் பதில் சொன்னாங்களெண்டா உடனே கையெழுத்து வை, உம்மாவ நான் பாத்துக்கொள்றன். சிரிச்சுக்கொண்டு ரீசேட் சைஸ் கேட்டாங்களெண்டா, அவங்க படத்துக்கு ஆள் தேடுறாங்க. நீ வீட்ட வந்து உம்மாக்குத் தேங்காய் திருவிக் குடு. அதுவும் பாதுகாப்புச் சேவைதான். சம்பளமும் சுடச்சுடக் கோப்பையில வந்திரும்.