துபாயில குறுக்கம் என்ன விலை பேராண்டி?

வால பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மெட்ராசுல பெரிய ஓட்டல்ல துபாய்க்காரன் கடை விரிச்சானாமே? நீயும் காப்பியக் குடிச்சிட்டு, பளபளன்னு ஒரு புத்தகத்த வாங்கிட்டு வந்தியாமே? உங்க அம்மா சொன்னா. இன்னும் கட்டாத வீட்டுக்குள்ள வெயில் எப்படி விழும்னு கம்ப்யூட்டர்லயே காட்டினானாக்கும்!

உன்னையக் குறை சொல்லல. எட்டயபுரம் சந்தையில ஒரு கெடா வாங்க பல்லப் பாத்து, முதுகத் தடவி, உச்சிவெயில் வரைக்கும் பேரம் பேசினவன் நீ. ஒண்ணரைக் கோடி வீட்டுக்கு ஒரு காப்பியிலயே மடங்கிட்ட பாரு, அதான் ஆச்சரியமா இருக்கு.

துபாயில சங்கதி இல்லாமலும் இல்ல. திர்ஹாம டாலரோட கட்டிப் போட்டிருக்கான், டாலருக்கு 3.6725 வீதம். 1997லருந்து அந்தக் கயிறு அவுரல. 2010ல 12, 13 ரூவாய்க்குக் கெடச்ச திர்ஹாம் இப்ப 23அத் தாண்டியாச்சு. வீட்டு விலை அசையாமக் கெடந்தாலும், நம்ம ரூவா மெலிஞ்சதுலயே உனக்குக் காசு கூடும். பதிவுக்கு அங்க 100க்கு 4. இங்க முத்திரை, பதிவு எல்லாம் சேத்து 9. வாடகைக்கு அங்க வருமான வரியும் இல்ல.

ரொம்பத் துள்ளாத. நீ குடியிருக்கது இங்க. அங்க வார வாடகைக்கும் இங்க வரி உண்டு. சொத்தையும் வருமான வரிக் கணக்குல வருசா வருசம் எழுதிக் காட்டணும். மறந்தா 2015ல வந்த கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் தீட்டலாம். உங்க ஆச்சிகிட்ட நான் வெத்தலச் செலவ மறைக்க மாதிரி இல்ல இது.

காச அனுப்புறதுக்கும் கணக்கு இருக்கு. ஆளுக்கு வருசம் 2,50,000 டாலர் வரைக்கும் ரிசர்வ் பேங்கு விடும். 10 லட்ச ரூவாய்க்கு மேல போறதுக்கு 100க்கு 20 வரியா முன்கூட்டியே பிடிப்பாக. ஒரு கோடி அனுப்பினா 18 லட்சம்! வரியில கழிச்சுக்கலாம், மிச்சம் திரும்பியும் வரும். அதுவரைக்கும் உன் மாடு சர்க்கார் தொழுவத்துல கெடக்கும். இங்க உள்ள பேங்குல அதுக்கு வீட்டுக் கடனும் தர மாட்டாக. 2008, 2009ல துபாயில விலை பாதிக்குப் பாதி விழுந்துச்சே, அது அந்தப் பளபளப் புத்தகத்துல எத்தனாம் பக்கத்துல இருக்கு?

உள்ளூர்க்காரன் மட்டும் யோக்கியனான்னு கேப்ப. நாலுவழிச் சாலை ஓரமாப் போயிப் பாரு. கலர்க் கொடி, நாலு கல்லு, 'விமான நிலையம் அருகில்'னு ஒரு போர்டு. மழை பெஞ்சாத்தான் தெரியும், அது கண்மாய் உள்வாய்னு. "30 வருச வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு தாத்தா"ம்ப. பவர் குடுத்தவன் உசுரோட இருக்கானா, 1980கள்ல நெலக் கணக்கப் புதுப்பிக்க யூடிஆர் நடந்தப்ப எவன் நெலம் எவன் பட்டாவுல ஏறிச்சு, இதையெல்லாம் வில்லங்கமா சொல்லும்? தாய்ப்பத்திரத்தக் கேளு, தாசில்தார் ஆபீசுல 'அ' பதிவேட்டப் பாரு, பக்கத்துப் பிஞ்சைக்காரன்கிட்ட ரெண்டு வார்த்த பேசு. ஒண்ணு மட்டும் நிசம்: இங்க எவனாவது உன் வேலிக்கல்லப் பிடுங்கினா சாயங்காலத்துக்குள்ள டீக்கடையில சேதி வந்துரும். அங்க குழாய் ஒழுகுறதச் சொல்லக்கூட ஒருத்தனுக்குச் சம்பளம் குடுக்கணும். வீடு பூட்டிக் கெடந்தாலும் சதுர அடிக்கு இவ்வளவுன்னு வருசா வருசம் பராமரிப்புக் காசு வேற.

அதனால தாத்தா ஒரு யோசனை சொல்லுதேன். கயத்தாறு பாதையில நம்ம மூணு குறுக்கம் கரிசல் சும்மாதான கெடக்கு? நீயே எடுத்துக்க. வெளியாளுக்குச் சொல்ற விலை உனக்கில்ல. தாத்தாதானன்னு கொஞ்சம் கூடப் போட்டுக் குடு.

பட்டாவா? அது உங்க பூட்டன் பேருலயே இருக்கு. வாரிசு 11 பேரு. பத்துப் பேர நான் எப்படியும் கூட்டியாந்துருவேன். மிச்சம் ஒருத்தன் கையெழுத்துதான் இழுக்கு. அவன் எங்க இருக்கான்னு கேக்கியா? துபாயிலதான். நீ வீடு பாக்கப் போறப்ப, அந்தக் கையெழுத்தையும் அப்படியே வாங்கிட்டு வந்துரு.