உலகம் பொறுத்திருக்கட்டும், மீன் கடிக்கிறது: வீடியோ கேம் ஆர்வலர் கருத்துரைகளில் தூண்டில் பெறுமிடம் (ஓர் அறிமுக ஆய்வு)

எந்த நூலில் எந்தப் பொருள் என்ற இரண்டு கோடிட்ட இடங்களை நிரப்பி, கடைசியில் ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்தால் முனைவர் பட்டம் முளைத்துவிடும் மண் இது. அப்படியிருந்தும், வீடியோ கேம் ஆடுகிறவர்கள் தாம் அண்மையில் ஆடியவற்றைப் பற்றிச் சொல்லும் கருத்துகள் ஆய்வாளர் கண்ணில் படாமலே கிடக்கின்றன. அக்குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது. களைந்தபின் வேறு குறை தேடப்படும்.

தேநீர்க் கடை, விடுதி அறை, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நின்ற வரிசை ஆகிய களங்களில் தரவுகள் திரட்டப்பட்டன. ஆட்டங்களை ஆய்வாளர் தாமும் ஆடிப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. மூலநூலைப் படித்தால் நடுநிலை கெடும் என்பதைப் பெரியோர் பலர் தம் பணிக்காலம் முழுவதும் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள். ஆயினும் இக்கட்டுரையாளர் நெறியாளருக்குத் தெரியாமல் சிலவற்றை ஆடினார்.

ஆர்வலர் கருத்துகள் ஐவகைப்படும். வரைகலை பற்றியது முதல் வகை: “செம.” கதை பற்றியது இரண்டாம் வகை: “கதை ஓகே, ஸ்கிப் பண்ணிட்டேன்.” விலை பற்றியது மூன்றாம் வகை: “சேல்ல வாங்கினது.” கடினம் பற்றியது நான்காம் வகை: “ஈஸிதான்.” இந்த நான்காம் வகையை, சொன்னவர் வீட்டுச் சுவரில் கன்ட்ரோலர் பட்ட தழும்போடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். இந்நான்கையும் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது, மீன்.

இவ்வகையின் வீச்சை உணர்த்த ஒரு சான்று போதும். 2025 ஏப்ரலில் வெளிவந்த பிரெஞ்சு ஆட்டம் ‘கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’. அதில் ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுதோறும் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதினர் எல்லாரும் காற்றில் கரைந்து போகிறார்கள். அவளைத் தடுக்க ஒரு குழு கிளம்புகிறது. சாவு, துயரம், தியாகம் என்று ஆட்டம் முழுக்க நெஞ்சைப் பிசையும் பொருள்கள். ஆடி முடித்த ஓர் ஆர்வலரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கடற்கரையில வாலிபால் இருக்கு. ஆனா மீன்பிடி வைக்கலையே மச்சி.”

இந்த ஏக்கம் எங்கிருந்து தொடங்கியது? தோற்றுவாய் அறிய 1980க்குப் போக வேண்டும். அவ்வாண்டில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக டேவிட் கிரேன் ‘ஃபிஷிங் டெர்பி’ என்னும் ஆட்டத்தை அட்டாரி 2600 கருவிக்குச் செய்தார். எதிரெதிர்த் துறைகளில் இருவர் அமர்ந்து தூண்டில் போடுவார்கள். நடுவே உலவும் சுறா, சிக்கிய மீனைக் கவ்விக்கொண்டு போகும். 99 பவுண்டு எடை சேர்த்தவர் வென்றவர். இந்தச் சுறாவை மூல ஆட்டத்துக்கு உரியது என்று ஒரு சாராரும், மதிப்பாய்வாளரின் குறியீடு என்று மற்றொரு சாராரும் கொள்வர். இரண்டாம் சாரார் அனைவரும் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் (காண்க: மேலே, கீழேயும் காண்க).

எனினும் துறையின் முதல் நூல் என்று எல்லாத் தரப்பும் ஒப்புவது 1998இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: ஓகரினா ஆஃப் டைம்’. ஜப்பானிய இதழான ஃபமிட்சுவில் நான்கு விமர்சகர்கள் தலைக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். நாற்பதுக்கு நாற்பது வாங்கிய முதல் ஆட்டம் இது. காலத்தில் முன்னும் பின்னும் போய் இளவரசியை மீட்டு ஹைரூல் அரசைக் காக்கும் பெருங்காப்பியம். ஆர்வலர் நினைவில் தங்கியதோ ஹைலியா ஏரிக்கரையில் ஒரு குட்டை. இருபது ரூப்பி கொடுத்துத் தூண்டில் வாங்கி உட்கார்ந்தால் உலகம் மறந்துபோகும். குறி தவறாமல் வீசினால் குட்டைக்காரர் தொப்பியையே தூண்டிலில் மாட்டிக் கழற்றலாம், உள்ளே வழுக்கை. ஹைரூலின் வரலாறு முழுவதும் மறந்தவர்களும் அந்த வழுக்கையை மறந்ததாகச் சான்று இல்லை.

இங்கே ஒரு பாடச்சிக்கல். குட்டையருகே ஒளித்து வைக்கப்பட்ட மூழ்கும் தூண்டிலிரை ஒன்று உண்டு. அதைப் போட்டால் மீன் எளிதாகச் சிக்கும். ஆனால் அது விதிமீறல், குட்டைக்காரர் அந்த மீனைக் கணக்கில் சேர்க்கமாட்டார். அப்படியானால் அது பிடிபட்ட மீனா, படாத மீனா? பிடிபட்டது என்பர் கைப்பற்றுக் கொள்கையினர். பிடிபடவில்லை என்பர் சான்றிதழ்க் கொள்கையினர். இக்கட்டுரையாளர் பிந்தியோர் பக்கம். மூன்று நாள் கருத்தரங்கில் மதிய உணவுக்கு மட்டும் வந்து பங்கேற்புச் சான்றிதழோடு திரும்புகிறவர்கள் நிறைந்த துறையில், சான்றிதழ் இல்லாத மீனை மீன் என்று எப்படி ஒப்புவது? (ஒப்பிடுக: கட்டுரையாளரின் வெளிவராத ‘தூண்டிற் பாயிரம்’, டீ சிந்திய பக்கம், இடப்புற ஓரம்.)

இனி அரச மீனவர் இயல். 2016இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ நாயகன் நாக்டிஸ் ஓர் இளவரசன். திருமணத்துக்காக நண்பர் மூவருடன் காரில் புறப்படுகிறான். விரைவில் தலைநகர் வீழ்கிறது, தந்தை கொல்லப்படுகிறார், நாடு பறிபோகிறது. நண்பர்களில் ஒருவன் சமைப்பான், ஒருவன் படமெடுப்பான், ஒருவன் காட்டில் பிழைக்கத் தெரிந்தவன். இவர்களுக்கு நடுவே வருங்கால அரசனுக்கு வாய்த்த தனித்திறன் மீன்பிடித்தல். கால்டின் துறையில் பசித்த பூனைக்காக மீன் பிடிப்பதில் தொடங்கி, பத்தாம் நிலைவரை திறன் வளர்க்கிறான். நாட்டை மீட்கும் வேலை அதுவரை காத்திருக்கிறது. இதை ஆட்டத்தின் குறை என்று சொல்ல வந்தவர்களுக்கு 2017 நவம்பரிலேயே விடை கிடைத்துவிட்டது: ‘மான்ஸ்டர் ஆஃப் தி டீப்’ என்ற பெயரில், மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் மட்டுமே பிடிக்கும் தனி ஆட்டத்தை அதே நிறுவனம் வெளியிட்டது. நாட்டை மட்டுமே மீட்கும் தனி ஆட்டம் வரவில்லை.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ (2018) அரசனை விட்டுக் கொள்ளைக்காரனைப் பிடித்தது. காலம் 1899. ஆர்தர் மார்கன், கூட்டாளியின் சின்ன மகன் ஜாக்கை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்த் தூண்டில் போடக் கற்றுத்தருகிறான். அந்த நேரம் பார்த்துத்தான் பிங்கர்ட்டன் துப்பறிவாளர்கள் இருவர் வந்து நிற்கிறார்கள். கதையின் முதுகெலும்பே இந்தக் காட்சியில்தான் நிமிர்கிறது என்பர் திறனாய்வாளர். ஆர்வலர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கிடைத்த மறுமொழி: “ஆமா, அவனுங்க பேசிட்டிருந்ததுல என் மீன் போச்சு.”

கொள்கைப் போர் உக்கிரமாக நடக்குமிடம் ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட பண்ணை ஆட்டம். விதை போடலாம், மாடு வளர்க்கலாம், கல்யாணம் செய்யலாம். அமைதி தவழும் கிராமம். இரண்டாம் நாளே வில்லி என்ற கிழ மீனவர் மூங்கில் தூண்டிலைக் கையில் கொடுக்கிறார், அத்தோடு அமைதி போயிற்று. திரையோரம் ஒரு பச்சைப் பட்டை. அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். துள்ளும் மீன் படத்தைப் பட்டைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இங்கே ஆர்வலர் உலகம் இரண்டாக உடைகிறது. மெல்லத் தட்டிக்கொண்டே இரு என்பது தட்டல் மரபு. அழுத்திப் பிடித்து மூச்சோடு விடு என்பது பிடி மரபு. தொடக்கநிலையாளருக்கு 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் ஒன்றும் கடையில் உண்டு. சாதாரண மீன்கள் மட்டும் அதில் சிக்கும். அது இத்துறையின் கோனார் உரை: பாஸாகலாம், கடையில் வாங்கியதை வெளியே சொல்லக்கூடாது.

இரு மரபினரையும் சமரசம் செய்ய முயன்ற இடையுரைகாரர் ஒருவர், தட்டுவதும் பிடிப்பதும் ஒன்றே, தட்டலாவது மிகக் குறுகிய பிடி, பிடியாவது மிக நீண்ட தட்டல் என்று எழுதினார். அன்றிலிருந்து அவரோடு இரண்டு பக்கத்தாரும் பேசுவதில்லை (காண்க: மேற்படி ‘பாயிரம்’, இரண்டாம் படி, எலி கொறித்த மூலை, அதன் அடிக்குறிப்பு, அந்த அடிக்குறிப்பை மறுத்து அதே கையெழுத்தில் எழுதப்பட்ட மற்றோர் அடிக்குறிப்பு).

தமிழில் எழுதும் ஆய்வு திணை வகுக்காமல் முடிய முடியாது, வகுத்துப் பார்க்கப்பட்டது. ஹைலியா குட்டை நன்னீர், ஆகவே மருதம், உரிப்பொருள் ஊடல். மீன் அறுத்துக்கொண்டு போனதும் ஆடுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் பொருந்துகிறது. கால்டின் துறை கடல், ஆகவே நெய்தல், உரிப்பொருள் இரங்கல். தந்தையை இழந்தவன் தூண்டிலோடு நிற்பதால் அதுவும் பொருந்துகிறது. 2020இல் வந்த ‘ஹேடீஸ்’ ஆட்டத்தில் சாக்ரியஸ் என்பவன் தந்தையின் பாதாள வீட்டை விட்டுத் தப்பி ஓடும் வழியில் நெருப்பாற்றிலும் மீன் பிடிக்கிறான். நெருப்பாற்றுக்குத் திணை ஏது என்று எண்ணியபோது பாலை நினைவுக்கு வந்தது, உரிப்பொருள் பிரிவு. பையன் வீட்டைப் பிரிந்து போகிறான். அதுவும் பொருந்திவிட்டது. இந்த இடத்தில் கட்டுரையாளருக்கே சிறிது அச்சமாயிற்று. எதைப் போட்டாலும் பொருந்தும் இந்தக் கருவியைக் கொண்டுதான் கடந்த தலைமுறையில் இத்தனை ஆய்வுக்கோவைகள் அடுக்கப்பட்டனவா என்ற ஐயம் வந்தது. அவ்வையம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எல்லைக்கு உட்பட்டது ‘டேவ் தி டைவர்’ (2023). பகலில் கடலுக்குள் முங்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவதும், இரவில் அதைச் சுஷிக் கடையில் விற்பதும் ஆட்டம். தூண்டில் ஏந்தாதவனை மீனவன் என்னலாமா? கூடாது என்று தூண்டில் தூய்மையர் இவனை விலக்கிவிட்டனர். அவ்வாண்டு தி கேம் அவார்ட்ஸ் விருதுகளில் சிறந்த சுயேச்சை ஆட்டத்துக்கான பட்டியலில் இது இடம்பெற்றதும், நெக்ஸான் என்னும் பெருநிறுவனத்தின் கிளை செய்தது எப்படிச் சுயேச்சை ஆகும் என்று வேறொரு சண்டை கிளம்பியது. இரண்டு தரப்பாலும் விலக்கப்பட்ட டேவ் நன்றாக விற்றான்.

அடுத்தது இன்மையியல். ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ 2017 மார்ச்சில் வெளியானது. முன்னோர் தூண்டில் போட்ட அதே செல்டா மரபு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆறும் ஏரியும். ஆனால் தூண்டில் இல்லை. மீன் வேண்டுமா, தண்ணீரில் குண்டைப் போட்டு வெடிக்கலாம். மீன்கள் செத்து மிதக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆட்டம் இது. அதைப் பற்றிக் களத்தில் பதிவான மிகச் சுருக்கமான கருத்து, ஒரு முதிய ஆர்வலருடையது: “குளத்துல வெடி வைக்கிறவன் ஹீரோவாடா?”

இல்லாததற்கே இப்படி என்றால், இடையில் வந்ததை என்னென்பது? ‘ஸ்கைரிம்’ 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. டிராகன்கள், உள்நாட்டுப் போர், மலை, பனி, நீருக்குள் சால்மன். தூண்டில் மட்டும் கிடையாது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 2021 நவம்பர் 11 அன்று, ஆண்டுநிறைவுப் பதிப்போடு மீன்பிடித்தல் சேர்க்கப்பட்டது. இடைச்செருகல் என்ற குற்றச்சாட்டை நிறுவத் தமிழறிஞர்கள் ஏடும் எழுத்தாணியுமாக நூற்றாண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. இங்கே செருகியவரே நாள் குறித்து, விழா எடுத்துச் செருகினார். மூலபாடம் எது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2011க்கும் 2021க்கும் இடையில் “ஸ்கைரிம் முழுசா முடிச்சிட்டேன்” என்று அறிவித்த அனைவரின் அறிவிப்பையும் செல்லாததாக்க வேண்டும் என்று தூய்மையர் கோருகிறார்கள். அப்படியானால் பின்னால் பாடத்திட்டம் மாறியதும் பழைய பட்டங்களையும் திரும்பப் பெறலாமா என்று எவரோ கேட்க, அந்த அமர்வு தேநீர் இடைவேளைக்குக் கலைக்கப்பட்டது. அது பன்னாட்டுக் கருத்தரங்கம். காணொளியில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வணக்கம் சொன்னார், மைக் அணைந்திருந்தது.

கருவிகள் பற்றி ஒரு சொல். சேகாவின் ட்ரீம்காஸ்டுக்கு மீன்பிடி ஆட்டத்துக்கென்றே தூண்டில் வடிவக் கட்டுப்படுத்தி ஒன்று விற்றார்கள். அதே தூண்டிலை 1999இல் அக்கருவிக்கு வந்த ‘சோல்காலிபர்’ என்ற வாட்சண்டை ஆட்டத்திலும் செருகலாம். தூண்டிலை வீசினால் திரையில் வாள் சுழலும். அகம் புறமாகும் இடம் இதுவே என்று பத்துப் பக்கம் எழுதப்பட்டிருந்தது. பக்கக் கட்டணம் கருதி நீக்கப்பட்டது.

எஞ்சியிருப்பது ‘நியர்: ஆட்டோமேட்டா’ (2017). மனித குலத்துக்காகப் போரிடும் இயந்திர மனிதர்களின் கதை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 26 முடிவுகள் உண்டு. அவற்றில் ‘கே’ முடிவு கிட்ட, கையிலுள்ள கானாங்கெளுத்தியைத் தின்றால் போதும். தின்றவர் சாவார், பெயர்ப்பட்டியல் விர்ரென்று ஓடும், ஆட்டம் முற்றும். இருத்தலின் பொருளைத் தேடும் ஆட்டம் என்று மெய்யியல் துறைகள் தூக்கி வைத்துப் பேசும் படைப்பை, ஒரு தகவலாளி பந்தி வரிசையில் நின்றபடி “முடிச்சிட்டேன்” என்றார். எந்த முடிவு என்று கேட்கப்பட்டது. “கே” என்றார். அவரை ‘முடித்தவர்’ பட்டியலில் சேர்ப்பதா கூடாதா என்று இக்கட்டுரையாளர் நெறியாளரிடம் கேட்டார். சேர்த்துவிடும்படி நெறியாளர் சொன்னார். மூன்றாம் இயலின் அட்டவணைக்கு இன்னும் ஒரு வரிசை தேவைப்பட்டது.