பாடுமா என்று கேட்காதீர்கள்

ரிட்டயரான ஆறாவது மாதம் அவர் பரணில் ஏறுவார். இறங்கும்போது கையில் அப்பா காலத்து வால்வு ரேடியோ இருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் டூத்பேஸ்ட் தங்காது.

ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. எங்கள் தெருக்காரருக்கு மெருகு மாமா என்று பெயர். விடிந்ததும் பழைய பனியன் துணியோடு திண்ணைக்கு வந்துவிடுவார். மடியில் ரேடியோ குமிழ் ஒன்று. தேய்ப்பார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி தேய்ப்பார். 800-ம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 1200, அப்புறம் 2000, கடைசியில் பித்தளைக்குப் போடும் பிராஸோ. பெண்ணுக்கு நலங்கு வைப்பதில்கூட இத்தனை வரிசை கிடையாது.

தெரியாத்தனமாக "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். குமிழைக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து நம் மூக்கடியில் நீட்டுவார். பழைய ஆஸ்பத்திரி வராந்தாவின் கார்பாலிக் நெடி அடிக்கும். "பேக்கலைட் தம்பி! 1907-ல பேக்லாண்ட் கண்டுபிடிச்சது." அதுவும் பிளாஸ்டிக்தான் என்று சொல்லிப் பார்த்த ஒருவருக்கு அந்த வீட்டில் இன்றுவரை காபி கிடையாது.

ஆனால் வித்தை தெரிந்தவர், மறுக்க முடியாது. பேக்கலைட்டைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. உள்ளே இருப்பது மரத்தூள், நீர் குடித்து உப்பிவிடும். பளபளப்பெல்லாம் மேல்தோல்தான், அதைத் தாண்டித் தேய்த்தால் தூள் முகம் காட்டும், போன மெருகு போனதுதான். தின்னர் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக் அல்வாவாகிவிடும். இந்த ஞானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் பலியாகியிருக்கிறது.

மஞ்சளித்துப்போன வெள்ளை டிரான்சிஸ்டருக்கு வேறு வைத்தியம்: முடி வெளுக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பூசி வெயிலில் வைப்பது. அதை வாங்க அவர் பியூட்டி பார்லர் படியேறியது அத்தையின் காதுக்கு எட்டிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மொட்டைமாடியில் கிரீம் அப்பிய டிரான்சிஸ்டரைப் பார்த்த பிறகுதான் குழம்பில் உப்பு விழுந்தது.

பெரிய சோகம் டயல் கண்ணாடியில் நடந்தது. நிலையங்களின் பெயர்கள் கண்ணாடியின் பின்பக்கம் பெயிண்டில் அச்சிட்டவை. மாமா சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரே இழுப்பு இழுத்தார். சிலோன் துணியோடு வந்துவிட்டது. இப்போது வருகிறவர்களிடம் வெறும் கண்ணாடியில் விரல் வைத்து, "இங்கேதான் சிலோன் இருந்தது" என்கிறார், பூம்புகாரில் கடலைக் காட்டுகிற வழிகாட்டி மாதிரி.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் வியாபாரி, "சூப்பரா பாடும் சார்" என்று சத்தியம் செய்வான். மாமாவுக்கு அது காதிலேயே விழாது. "குமிழ் ஒரிஜினலா?" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடத் தெரியுமா என்று கேட்கிற அநாகரிகம் அவருக்கு ஆகாது.

லீவுக்கு வந்த பேரன்தான் கேட்டுவிட்டான். "தாத்தா, இது பாடுமா?"

தெருவே அமைதியானது. தன்மானப் பிரச்சினை. மாமா மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கப்பாசிட்டர்களை மாற்றி எடுத்துவந்தார். சுவிட்சைப் போட்டதும் ஒன்றுமில்லை. வால்வு சூடேற வேண்டுமே. அரை நிமிஷம் கழித்து, கரகரப்புக்கு அடியில் யாரோ பேசுவது கேட்டது.

"கொஞ்சம் சத்தமா வைங்களேன்" என்றாள் அத்தை.

மாமா குமிழைத் திருகினார். விரல்தான் சுற்றியது, குமிழ் சுற்றவில்லை. பிடிமானத்துக்காக விளிம்பில் இருந்த வரிகளையெல்லாம் அவர் எப்போதோ தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றார். வழுக்கியது.

அத்தை முந்தானை நுனியைக் குமிழில் சுற்றி ஒரு திருகு திருகினாள். ரேடியோ அலறியது. அதையும் மிஞ்சி மாமா அலறினார்:

"ஜரிகை! ஜரிகை! கீறல் விழப்போகுதுடி!"