அதிரசமும் ஐஎன்ஜியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும்போது, வினைச்சொல்லுக்குப் பின்னால் ஐஎன்ஜி வருமா, டு வருமா என்பது பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. ப்ளஸ் டூ படிக்கும் என் தம்பி இரவு பத்து மணிக்கு என்னை எழுப்பியதில் இந்த ஆய்வு தொடங்குகிறது.

ஆய்வுக்களம் எங்கள் சமையலறை. ஆய்வுப்பொருள், தீபாவளிக்கு மறுநாள் எவர்சில்வர் டப்பாவிலிருந்து காணாமல்போன கடைசி அதிரசம்.

"நான் எடுக்கலம்மா" என்றான் தம்பி. "பின்னே டப்பாவா தின்னுச்சு?" என்றாள் அம்மா. தமிழில் வழக்கு இவ்வளவுதான். 'என்று' என்ற ஒரே கூலியாள் எந்த மூட்டையையும் தூக்கிவிடுவான். ஆங்கிலத்தில் தம்பி 'டினைட் டேக்கிங்'. அம்மாவோ 'அக்யூஸ்ட் ஹிம் ஆஃப் டேக்கிங்'. மறுப்பவன் தனியே போகலாம், குற்றம்சாட்டுபவர் மட்டும் கூடவே ஓர் 'ஆஃப்' கூட்டிப்போக வேண்டும். மன்னிப்புக் கேட்க 'ஃபார்' வேண்டும், அடம்பிடிக்க 'ஆன்' வேண்டும். போலீஸ் துணையில்லாமல் ஊர்வலம் கிடையாது.

இதிலிருந்து ஆய்வாளர் ஒரு கருதுகோளுக்கு வந்தார்: செய்து முடித்த காரியத்துக்கு ஐஎன்ஜி, இனிமேல் செய்யப்போவதற்கு டு. 'ப்ராமிஸ்', 'த்ரெட்டன்', 'ஆஃபர்' எல்லாம் டு பக்கம்; 'அட்மிட்', 'டினை' இரண்டும் ஐஎன்ஜி பக்கம். தேர்தலுக்கு முன்னால் டு, விசாரணைக் கமிஷனில் ஐஎன்ஜி என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

கருதுகோள் கால் மணி நேரம் உயிரோடு இருந்தது. அதைக் கொன்றது 'சஜஸ்ட்'. யோசனை என்பது இனி நடக்க வேண்டியதற்குத்தானே? ஆனாலும் 'சஜஸ்டட் கோயிங்' என்றே எழுத வேண்டுமாம். 'போக யோசனை சொன்னான்' என்று மனசுக்குள் தமிழில் ஓடுவதால் நம் பிள்ளைகள் 'சஜஸ்டட் டு கோ' என்று எழுதி மார்க்கை இழக்கிறார்கள். 'சஜஸ்ட்' ஏன் கட்சி மாறியது என்று கேட்டால், அது அப்படித்தான் என்பதே இலக்கண உலகின் பதில். இதைவிட நேர்மையான பதிலை நான் இலக்கணத்தில் கண்டதில்லை.

ஐஎன்ஜிக்கு முன்னால் 'மீ' நிற்பதா, 'மை' நிற்பதா என்று பெரியவர்களும் சண்டை போட்டிருக்கிறார்கள். 'மீ ஈட்டிங்' தப்பு, 'மை ஈட்டிங்' என்பதே சரி என்று கொடி பிடித்தவர் ஆங்கிலேய அகராதிக்காரர் ஃபௌலர். 1926இல் வந்த அவருடைய பயன்பாட்டு அகராதி அந்தப் பக்கம்தான். ஆங்கிலேயர்கள் நெடுங்காலமாக 'மீ' என்றும் எழுதிவருகிறார்கள் என்று உதாரணங்களை அள்ளிப்போட்டு மறுத்தவர் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன். அவர் டென்மார்க்காரர். ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்த மாதிரி.

தம்பி கடைசியாகத் தடுக்கி விழுந்தது 'கன்ஃபெஸ்ட் டு' என்ற இடத்தில். டுவைப் பார்த்த சந்தோஷத்தில் 'ஈட்' என்று எழுதிவிட்டான். இந்த டு அந்த டு அல்ல, 'ஆஃப்', 'ஃபார்' வகையறா. வேஷம் மாற்றி நிற்கிறது, ஆகவே 'ஈட்டிங்' என்று விளக்கி, நோட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

விரலை எடுத்ததும் அந்த இடத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க்கறை. தம்பி கறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா!" என்றான்.