நான்கு முகப் பகடை

2015 குளிர்காலம். மொன்றியல், கோட்-டி-நேஜ் பக்கம் ஓர் அடுக்குமாடியின் நிலவறை. வெளியே முழங்காலளவு பனி. உள்ளே ஐந்து பேர், ஒரு மேசை, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பு. பெருவாள் ஏந்திய என் வீரனை மூன்று இரவுகள் கணக்குப் போட்டுச் செதுக்கியிருந்தேன்.

2014 ஆட்டநூலில் ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்றொரு திறன் உண்டு. குறியில் 5 குறைத்துக்கொண்டு வீசலாம். பட்டால் சேதத்தில் 10 கூடும். வாளின் இரண்டு பகடைக்குச் சராசரி 7, உடல்வலுவுக்கு 4, அதோடு இந்த 10. ஓர் அடிக்கு 21. மூன்று அடி பட்டால் 59 உயிர்ப்புள்ளி கொண்ட ஓகர் அரக்கன் சாய்ந்துவிடுவான். மற்றவர்கள் பகடையைத் தொடுமுன் சண்டை முடிந்துவிடும்.

ஆட்டம் நடத்திய நண்பன் அரக்கர்களின் உயிர்ப்புள்ளியை இரட்டிப்பாக்கினான். எனக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. வில்லால் ஏழு, எட்டு என்று அடித்தவனின் அடிதான் பெறுமதி இழந்தது.

தங்கச்சி பூசாரிப் பாத்திரம். சண்டை தொடங்கியதும் ‘பிளெஸ்’ என்ற ஆசீர்வாத மந்திரம் போடுவாள். எங்கள் ஒவ்வொரு வீச்சோடும் ஒரு நான்கு முகப் பகடை சேரும். “அண்ணா, என்ர பகடையையும் சேர்த்துத்தானே பட்டது?” என்று ஒருநாள் கேட்டாள். நான் அடுத்த அடிக்குப் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஆட்டம் நடத்துபவன் நான். 2024 ஆட்டநூல் அந்த ஐந்துக்குப் பத்துப் பேரத்தை எடுத்துவிட்டது. ஐந்தாம் நிலை வீரனுக்கு இப்போது கூடுவது 3. ஆனால் என் மேசைக்கு வரும் பொடியன் ஒருவனுக்குப் பழைய நூல்தான் வேண்டும். கொண்டுவந்ததும் அதே வீரன். அவனுக்காக மறுபடி கணக்குப் போட்டேன்.

வீச்சு எட்டவேண்டிய எதிரியின் காப்பு 15 என்றால், திறனில்லாமல் ஒரு வீச்சுக்குச் சராசரிச் சேதம் 7.15. திறனோடு 8.4. பூசாரியின் பகடையும் சேர்ந்தால் 11. மூன்று இரவுகள் விழித்து நான் கூட்டியது ஒன்றேகால். தங்கச்சியின் சின்னப் பகடை கூட்டியது இரண்டரைக்கு மேல். அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைக்கப் பத்து வருடம் சென்றது.

அதனால் நான் உயிர்ப்புள்ளியை ஊதிப் பெருக்குவதில்லை. ஓர் அரக்கனுக்குப் பதில் ஆற்றுக்கு அக்கரையில் நான்கு வில்லாளிகளை நிறுத்துகிறேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு கைதியை வைக்கிறேன். வாளுக்கும் ஓர் அரக்கன் உண்டு, அவனை வெட்டும் மகிழ்ச்சியைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆசீர்வாதப் பகடை மட்டும் சிவப்பு. அதைத் தனியாக, கடைசியாகத்தான் உருட்டவேண்டும்.

போன கிழமை பொடியனுக்கு 11 விழுந்தது. திறனுக்கான 5 போக வீரனின் மிச்சக் கூட்டெண்ணைச் சேர்த்தால் 13, தேவை 15. சிவப்புப் பகடை உருண்டு 2 காட்டியது. வாளின் சேதத்தை எண்ணத் தொடங்கியவன் நிறுத்திவிட்டு, பூசாரியாக ஆடும் பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, இது உங்கட அடி.”