ஒரு ரூபாய்ச் சாப்பாடு

2013 ஜூலையில் திட்டக் கமிஷன் ஒரு கணக்கை வெளியிட்டது. நகரத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு மேல், கிராமத்தில் 816 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவர் ஏழை இல்லையாம். அதாவது, நகரத்தில் நாளைக்கு 33 ரூபாய் இருந்தால் சமாளித்துவிடலாம்.

ஊர் சிரித்தது. ஆளுங்கூட்டணியினர் முட்டுக்கொடுக்க வந்தார்கள். மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்றார் காங்கிரஸைச் சேர்ந்த நடிகர் ராஜ் பப்பர். டெல்லி ஜும்மா மசூதிப் பக்கம் 5 ரூபாய் போதும் என்றார் காங்கிரஸ் எம்.பி. ரஷீத் மசூத். மத்திய அமைச்சர் பரூக் அப்துல்லாவோ ஒரு ரூபாய்க்கே இறங்கிவிட்டார். இன்னொருவர் பேசியிருந்தால் சில்லறையே திரும்பக் கிடைத்திருக்கும்.

அப்போது 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம் நிஜமாகவே கிடைத்த இடம் ஒன்று உண்டு: சென்னையின் அம்மா உணவகம். நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு மாநகராட்சி நடத்திய கடை அது. நாடாளுமன்ற கேண்டீனிலும் மானிய விலைதான்; அந்த மானியம் 2021 வரை நீடித்தது.

பப்பர் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

திட்டக் கமிஷனுக்குச் செலவழிக்கவே தெரிந்திருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதன் அலுவலகமான யோஜனா பவனில் 2 கழிப்பறைகளைப் புதுப்பிக்க சுமார் 35 லட்சம் ரூபாய் செலவானது 2012-ல் வெளியே வந்தது. கமிஷன் கணக்குப்படி, அந்தப் பணத்தில் நகரவாசி ஒருவர் 291 ஆண்டுகள் வாழலாம்.