இருபத்தைந்தாம் தேதி அப்பா

இருபத்தைந்தாம் தேதி அப்பா என்பவர், தம் குழந்தை டிசம்பர் 25 அன்று பிறந்ததைத் தம் சொந்தச் சாதனையாகக் கருதும் தகப்பன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் அதிகமாகவும், கோவை, பெங்களூர் வட்டாரங்களில் பரவலாகவும் காணப்படுகிறார். வேலை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனத்தில். குழந்தையின் பிறந்த தேதியை யாராவது கேட்டால் போதும், அதே தேதியில் பிறந்த பெரியவர்களின் பட்டியல் வந்துவிடும்: நியூட்டன், வாஜ்பாய். ஜின்னா பிறந்ததும் அதே தேதியில்தான். அவர் பட்டியலில் வருவதில்லை. நியூட்டன் பிறந்தபோது இங்கிலாந்தில் பழைய நாட்காட்டி இருந்தது, இன்றைய கணக்கில் அது 1643 ஜனவரி 4 என்று எடுத்துச் சொல்கிற மைத்துனர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அடுத்த விசேஷத்துக்கு அவருக்கு அழைப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் போகும்.

இவர் டிசம்பரில் வெளிநாடு போவதற்குக் காரணம் பக்தியோ பனியோ அல்ல, கிளையன்ட். மேல்நாட்டு வாடிக்கையாளர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்விடுவதால், வருஷம் முழுக்கக் கேட்டும் கிடைக்காத லீவு அப்போது கேட்காமலே கிடைக்கிறது. மூத்த பிள்ளைக்கும் அரையாண்டு விடுமுறை. இவையும் சின்னவனின் பிறந்தநாளும் ஒரே வாரத்தில் கூடிவருவதை இவர் ஜாதக விசேஷம் என்றே நம்புகிறார். போன வருஷம் பக்கத்து இருக்கைக்காரர் தம் மகளின் பிறந்தநாளைப் பாலியில் கொண்டாடிப் படம் போட்டதும் ஒரு காரணம்தான். அது வெளியே சொல்லப்படுவதில்லை.

ஊர் லண்டன் என்று முடிவாகும். கிறிஸ்துமஸ் என்றால் லண்டன் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. விசாவுக்கு வங்கிக் கணக்கு, வருமான வரி, சம்பளச் சீட்டு எல்லாம் அடுக்குவது இவருக்குக் கைவந்த கலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விரல்ரேகை எடுப்பதில்லை, முகத்தை மட்டும் படம் எடுப்பார்கள் என்று கேட்டதும் பெரிய வேலை மிச்சம் என்று நினைப்பார். குழந்தை கண்ணைத் திறக்கும்போது வாயும் சேர்ந்து திறக்கிறது, வாயை மூடும்போது கண்ணும் சேர்ந்து மூடுகிறது என்பது கேமரா முன்னால் போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது விமான டிக்கெட். இவருடைய மேதைமை முழுதாக வெளிப்படுகிற இடம் இது. இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியில் போகலாம். பல விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வாங்கும். ஆகவே இரண்டாம் பிறந்தநாளைத் தாண்டுவதற்குள் ஒரு வெளிநாட்டுப் பயணத்தைப் போட்டுவிட வேண்டும் என்று ஆறு மாதம் முன்பே திட்டம் தீட்டுகிறார். அந்தப் பிறந்தநாள் பயணத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் கவனிப்பதில்லை. வழியில் இரண்டு வயது நிறைந்துவிட்டால், திரும்பும்போது அதே குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். போகும்போது கைக்குழந்தை, வரும்போது முழுப் பயணி. வந்தவன் இன்னும் சில நாள் கழித்துப் பிறந்திருக்கக் கூடாதா என்று இவர் முதல்முறையாக நினைப்பது அப்போதுதான்.

பெட்டி கட்டும் வேலை மனைவியுடையது. பட்டு வேட்டி சட்டை, ‘2’ என்ற எண் வடிவில் மெழுகுவத்தி, மடித்துவைத்த தோரணம், பருப்புப் பொடி, சின்னக் குக்கர். பாட்டி கொடுத்த நெய் டப்பா கடைசி நேரத்தில் வெளியே எடுக்கப்படும். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை. நெய் எப்படிப் பால் பொருளாகும் என்று பாட்டி கேட்பார். தீப்பெட்டியும் விமானத்தில் ஏற முடியாது. ஆக, மெழுகுவத்தி மட்டும் லண்டன் போய்ச் சேர்கிறது.

முதல் இரண்டு நாள் எல்லாம் திட்டப்படி நடக்கும். டிராஃபல்கர் சதுக்கத்தில் நிற்கிற பெரிய மரம், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் ஆஸ்லோ நகரம் அனுப்பிவைப்பது. நார்வே மக்கள் அனுப்பிய அந்த மரத்தைக் காட்டி, “பாத்தியாடா கண்ணா, உன் பர்த்டேக்கு எவ்ளோ பெரிய மரம் வெச்சிருக்காங்க!” என்பார் அப்பா. கண்ணாவின் கவனம் மரத்தின் அடியில் நடக்கும் புறாவின் மேல் இருக்கும். ரீஜென்ட் வீதியின் விளக்கு தேவதைகளும் அவனுக்காகவே தொங்குகிறார்கள். அதே வீதியில்தான் ஹேம்லீஸ் பொம்மைக் கடை இருக்கிறது. 1760-இல் தொடங்கிய நிறுவனம், ஏழு மாடி என்று தயாராக வைத்திருக்கும் விவரங்களை இவர் ஒப்பிக்கும்போது, 2019-இல் அதை ரிலையன்ஸ் வாங்கிவிட்டது, வேளச்சேரிக் கிளைக்கே போயிருந்தால் போதாதா என்று மனைவி கேட்பார். அந்தக் கேள்விக்கு இவரிடம் பதில் இல்லை. கரடி பொம்மை மட்டும் பவுண்டில் வாங்கப்படும்.

பிறந்தநாள் எப்போது தொடங்குகிறது என்பதில் குடும்பம் இரண்டாகும். குளிர்காலத்தில் இந்திய நேரம் லண்டனைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், 24-ஆம் தேதி மாலை 6.30-க்கே தாத்தா பாட்டியின் வாழ்த்து வந்துவிடும். இன்னும் நாள் பிறக்கவில்லை என்பது அப்பாவின் கட்சி. குழந்தை இரண்டு கட்சியிலும் இல்லை. அவன் உடம்பு இன்னும் சென்னை நேரத்தில் இருக்கிறது; மாலை ஐந்துக்கே தூங்கிவிட்டு அதிகாலை இரண்டரைக்கு எழுந்து ஹோட்டல் லிஃப்டின் பொத்தான்களை அமுக்கக் கிளம்புவான். இரண்டு வயதில் காலெடுத்துவைக்கும் அந்த மங்கல வேளையில் விழித்திருக்கும் ஒரே பெரியவர், துண்டைப் போர்த்திக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கும் இவர்தான்.

கேக் வெட்ட நல்ல நேரம் பார்ப்பதும் லேசுப்பட்ட காரியமல்ல. ராகு காலம் என்பது சூரியோதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம். டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகு எழுந்து மாலை நாலுக்கு முன்பே படுத்துவிடுவதால், அங்கே ராகு காலம் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. வெளிநாடு போனதில் இவருக்குக் கிடைத்த கலப்பில்லாத லாபம் இது ஒன்றே. ஆனால் பாட்டி ஒப்புவதில்லை. குழந்தை பிறந்தது மயிலாப்பூரில் என்பதால் அவனுக்கு மயிலாப்பூர் ராகு காலம்தான்.

25-ஆம் தேதி காலையில்தான் இவர் லண்டனை முதல்முறையாகப் பார்க்கிறார். தீபாவளிக்கு முந்தின இரவு ரங்கநாதன் தெரு இருப்பதுபோல ஊரே தெருவில் இருக்கும் என்று எண்ணியிருந்தவர் எதிரில், தெருவே காலியாகக் கிடக்கும். பாதாள ரயில் கிடையாது, பேருந்து கிடையாது. ஹைட் பார்க்கின் குளிர்காலக் கேளிக்கை விழாவுக்கும் அன்று ஒருநாள் விடுமுறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தப் பண்டிகை அங்கே வீட்டுக்குள் நடக்கிறது. வெளியே மாட்டியிருப்பது விளக்கு மட்டும்தான், அதற்கும் பகலில் வேலையில்லை.

“ஏங்க, கேக்கை நேத்தே வாங்கியிருக்கலாம்ல?”

“ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னு பார்த்தேன்.”

இந்த உரையாடலுக்குப் பின் டாக்ஸி வரும். சட்டம் பெரிய கடைகளைத்தான் மூடச் சொல்கிறது. சின்னக் கடைக்குத் தடையில்லை. லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாமிலும், மேற்கே வெம்பிளியிலும், தெற்கே டூட்டிங்கிலும் அந்தச் சின்னக் கடைகளில் கணிசமானவை ஈழத் தமிழர்களுடையவை. போர்க் காலத்தில் வந்து, இரவும் ஞாயிறும் பாராமல் கல்லாவில் நின்று ஊன்றியவர்கள். கேக்கின் விலையைப்போலப் பல மடங்கு டாக்ஸிக்குக் கொடுத்துவிட்டு ஈஸ்ட் ஹாமில் இறங்கும் அப்பாவுக்கு, ஷட்டர் பாதி தூக்கியிருக்கும் ஒரு கடை கண்ணில் படும்.

“அண்ணா, பர்த்டே கேக் இருக்கா?”

“பர்த்டே கேக் எல்லாம் நேற்றே முடிஞ்சுது தம்பி. ஐசிங் போட்ட கிறிஸ்மஸ் கேக் ஒண்டு கிடக்கு. எழுத்தைச் சுரண்டிப்போட்டுப் பிள்ளையின்ர பேரை எழுதித் தாறன். பேரைச் சொல்லுங்கோ.”

சொல்வது எளிதல்ல. குழந்தையின் பெயர் எண்கணிதப்படி வைத்தது. ஆங்கிலத்தில் நடுவில் ஒரு ‘ஏ’ கூடுதல், முடிவில் ‘ஹெச்’ இரண்டு. கடைக்காரர் அலமாரியிலிருந்து ஐசிங் குழாயை எடுத்துப் பொறுமையாக எழுதிக்கொண்டே வருவார். கடைசி ‘ஹெச்’சுக்குக் கேக்கில் இடமிருக்காது, பக்கவாட்டில் இறங்கிவிடும். சுரண்டிய இடத்தில் ‘மெர்ரி’யின் சிவப்பு இன்னும் லேசாகத் தெரியும். ஆங்கிலேயக் கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்பழங்களைப் பிராந்தியில் ஊறவைப்பது வழக்கம் என்பது இவருக்கு அப்போதுதான் ஞாபகம் வரும். கேட்டால், “கொஞ்சம் மணக்கும்” என்பார் கடைக்காரர். தீப்பெட்டியும் அங்கேயே கிடைக்கும், கற்பூரத்துக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில். காசு வாங்கியபின் பிள்ளைக்கென்று ஒரு சாக்லேட்டும் வைத்துக் கொடுப்பார்.

வந்ததோடு வந்ததாக, அருகே மேனர் பார்க்கில் உள்ள முருகன் கோயிலுக்கும் நடந்து போய்விடுவார்கள். அர்ச்சகர் குழந்தையின் நட்சத்திரம் கேட்பார். அப்பா மனைவியைப் பார்ப்பார். மார்கழி மாதம் என்பதால் பொங்கல் கிடைக்கும். குழந்தை அந்தப் பயணத்தில் அழாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

ஹோட்டல் அறையில் நெருப்பு கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பதால், கேக் வெட்டுவது பூங்கா பெஞ்சில். ஃபோனில் சென்னை, கோவை, நியூ ஜெர்சி மூன்றும் காத்திருக்கும். பட்டு வேட்டி ஜாக்கெட்டுக்கும் கம்பளிக் குல்லாவுக்கும் உள்ளே போய்விட்டதால், மூக்கு மட்டும் தெரிகிற ஒரு மூட்டைக்கு எல்லோரும் வாழ்த்துப் பாடுவார்கள். மெழுகுவத்தியை ஏற்றியதும் காற்று அணைத்துவிடும். மறுபடி ஏற்றினால் மறுபடியும். விளக்கை வாயால் ஊதி அணைக்கிற பழக்கத்தைப் பாட்டி இரண்டு வருஷமாகக் கண்டித்துவந்திருக்கிறார்; பேரன் ஊதவில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி. பிராந்தி விஷயம் பாட்டிக்குச் சொல்லப்படுவதில்லை. மேலிருக்கும் ஐசிங்கை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு உள்ளிருப்பதை அப்பாவே சாப்பிட்டு முடிப்பார். மூன்று மணிக்கு மன்னர் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்துவார். 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கிவைத்த வழக்கம் அது. இவர் அந்நேரம் அறைக்குத் திரும்பி, குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

திரும்பும் விமானத்தில், பணம் கட்டி வாங்கிய தனி இருக்கையில் குழந்தை ஐந்து நிமிஷம்கூட உட்காருவதில்லை. சுமார் பத்து மணி நேரமும் அம்மா மடிதான். அந்த இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு வருவது ஹேம்லீஸ் கரடி.

ஜனவரி முதல் வாரத்தில் அலுவலகத்தில் விமான நிலையத்துச் சாக்லேட் விநியோகமாகும். டிராஃபல்கர் மரத்தின் படம் காட்டப்படும், பூங்கா பெஞ்சின் படம் காட்டப்படாது. “கிறிஸ்துமஸ் அன்னிக்கு லண்டன் எப்படி இருந்துது?” என்று கேட்டால், “கூட்டமே இல்லை, அருமை” என்பார். அது பொய்யும் அல்ல.

இந்த இனத்தில் சிங்கப்பூர்க் கிளை ஒன்றும் உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் அன்றும் ரயில் ஓடுகிறது, லிட்டில் இந்தியாவில் கடை திறந்திருக்கிறது, கேக் கேட்ட இடத்தில் கிடைக்கிறது, குல்லா தேவையில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ராகு காலமும் ஊரில் உள்ள அதே ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே அவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை.